இலையுதிர்ந்த காட்டை எண்ணெய் வண்ணத்தில் வரைவது: ரூஜ் பள்ளத்தாக்கில் கற்றவை

குளிர்காலக் காட்டை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன் என்று சொன்னால் எல்லோரும் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வெள்ளையின் மேல் வெள்ளையை எப்படி வைப்பது, நிழலுக்கு என்ன நிறம், மினுமினுப்பு எப்படி வரும் என்று. பனி உண்மையில் அவ்வளவு பாடுபடுத்தாது. காட்டுக்குள் போய் நின்றால் கையைக் கட்டிப்போடுவது தலைக்கு மேலே இருக்கும் சுள்ளிகள்தான். இலை உதிர்ந்த ஒரு மேப்பிள் மரத்தில் எத்தனை ஆயிரம் சிறு கிளைகள்! ஒவ்வொன்றாகப் போட்டால் படம் முழுக்க முள்வேலி கட்டியதுபோல ஆகிவிடும். போடாமல் விட்டால் மரம் பட்டுப்போனதாகத் தெரியும். அந்தச் சுள்ளிக் கூட்டத்தைக் கோடாகப் பார்க்காமல் நிறமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் காடு படத்துக்குள் வந்துவிடும் என்பது என் அனுபவம். மற்றதெல்லாம் அதையொட்டி வருவதுதான்.

நான் வரைவது டொராண்டோவின் கிழக்கு ஓரத்தில், ஸ்கார்பரோவில் இருக்கும் ரூஜ் பள்ளத்தாக்கில். 2015இல் இது ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆனது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே மாஸ்ட் டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. இருநூறு வருடங்களுக்கு முன்னால் கப்பல்களின் பாய்மரத்துக்காகக் காட்டை வெட்டி இழுத்துப்போன வழி அது. இப்போது இரண்டு பக்கமும் சுகர் மேப்பிள், பீச், ஹெம்லாக், வெள்ளை பைன், ஆங்காங்கே பிர்ச். வரைகிறவனுக்கு இதைவிட நல்ல கலவை கிடைக்காது. மேப்பிளின் பட்டை சாம்பல். ஹெம்லாக் குளிரிலும் பச்சையை விடாது, ஆனால் அந்தப் பச்சை கிட்டத்தட்டக் கறுப்பு. இளம் பீச் மரங்கள் போன வருடத்து இலைகளை உதிர்க்காமல் காய்ந்த செம்பு நிறத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். நீலமும் சாம்பலுமாக இருக்கும் காட்டில் சூடான நிறம் வேண்டும் என்றால் அந்த இலைகள்தான் உதவி.

முதலில் வெளிச்சம். டிசம்பர் 21 வாக்கில் டொராண்டோவில் நட்ட நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. பத்து மீட்டர் உயர மரத்துக்கு நிழல் 23 மீட்டரைத் தாண்டும். அதே நாள், அதே நண்பகலில் சென்னையில் அந்த மரத்தின் நிழல் எட்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். நிழல் என்றால் காலடியில் கிடப்பது என்று பழகிய கண்ணுக்கு, இங்கே நிழல்தான் படத்தின் எலும்புக்கூடு என்பது பிடிபடக் கொஞ்சம் காலம் ஆகும். சூரியன் இவ்வளவு தாழ்வாக இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. பகல் முழுக்கவே வெயிலில் லேசான மஞ்சள் கலந்திருக்கும். மூன்று மணிக்கு மேல் அது ஆரஞ்சாகத் திரும்பும். டிசம்பரில் நாலே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதனால் ஒரு மணிக்குப் போய் இடம் பார்த்து, ஒன்றரைக்குத் தொடங்கி, மூன்றரைக்குள் முடிப்பது என் வழக்கம். தொடங்கியவுடன் நிழல்களின் விளிம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு நிழல் எங்கே நகர்ந்தாலும் அதைத் துரத்தக் கூடாது.

குளிரைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் விறைப்பது கை இல்லை, பாதம். பனி மேல் நேராக நிற்காமல் ஒரு தடித்த ரப்பர் பாயையோ மடித்த அட்டைப் பெட்டியையோ போட்டு அதன் மேல் நில்லுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். தூரிகை பிடிக்கும் கையில் மெல்லிய நைட்ரைல் உறை, அதன் மேல் விரல் நுனி திறந்த கம்பளி உறை. எண்ணெய் வண்ணம் அக்ரிலிக் மாதிரி குளிரில் உறைந்து கெட்டுப்போகாது. ஆனால் இறுகும். அதிலும் வெள்ளை மிகவும் இறுகும். ட்யூபுகளைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வேன். வெள்ளையில் மட்டும் வீட்டிலேயே சில சொட்டு வால்நட் எண்ணெய் குழைத்து எடுத்துப் போவேன். இந்தச் சிரமமெல்லாம் புதிதில்லை. 1860களின் கடைசியில் நார்மண்டிப் பக்கம் பனியில் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்த ஒரு பத்திரிகைக்காரர், கால் சூடேற்றும் அடுப்பு, ஈசல் என்னும் ஓவியத் தாங்கி, மூன்று கோட்டுக்குள் முகம் பாதி விறைத்த ஒரு மனிதர் என்று எழுதி வைத்திருக்கிறார்.

சூரியன் கேன்வாஸ் மேல் விழக் கூடாது. விழுந்தால் வண்ணங்கள் எல்லாம் பிரகாசமாகத் தெரியும், நீங்கள் கருமையாகக் கலப்பீர்கள், வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். காட்டில் ஒரு பருத்த மரத்தின் நிழலுக்குள் ஈசலை நிறுத்துவது சுலபம். வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டும் அதே நிழலில் இருக்க வேண்டும்.

வண்ணங்கள் அதிகம் வேண்டாம். டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், செருலியன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், காட்மியம் மஞ்சளின் வெளிர் வகை, அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு, கொஞ்சம் விரிடியன் பச்சை. அலிசரினின் பழைய வகை வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். பெர்மனென்ட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கறுப்பு நான் எடுத்துப் போவதே இல்லை. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்புக்கு மேலான கருமை வரும். அதில் நீலத்தைக் கூட்டினால் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் சூடாகும். ஹெம்லாக் மரத்துக்கு இதோடு விரிடியன் ஒரு துளி போதும். வெள்ளையைப் பற்றி ஒரு விஷயம். டைட்டானியம் வெள்ளை ஓவியர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது 1920களில்தான். மோனே, அவர் காலத்து ஓவியர்களான சிஸ்லே, பிஸ்ஸாரோ எல்லோரும் வரைந்தது ஈய வெள்ளையில். அது கொஞ்சம் சூடான, இழுபடும் தன்மையுள்ள வெள்ளை. ஈயம் நஞ்சு என்பதால் வீட்டில் குழந்தைகள் இருக்கும் நான் அதைத் தொடுவதில்லை. டைட்டானியம் கலந்தால் எந்த நிறமும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப்போகும் அபாயம் உண்டு. அதற்கு மாற்று, வெள்ளையைச் சேர்த்தபின் நிறம் செத்துவிட்டால் இன்னும் நீலமோ ஓக்கரோ சேர்த்து மறுபடி உயிர் கொடுப்பது.

பலகையை வெள்ளையாகவே வைத்து வரைய ஆரம்பிக்காதீர்கள். பனிப்படத்துக்கு இதை நான் மிக அழுத்தமாகச் சொல்வேன். வெள்ளைப் பரப்பின் மேல் நீங்கள் வைக்கும் எந்தப் பனி நிறமும் அழுக்காகத் தெரியும், பயந்துபோய் மேலும் மேலும் வெளுப்பாகக் கலப்பீர்கள். முந்தின நாளே பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றை அக்ரிலிக்கில் தேய்த்துக் காயவைத்துவிடுங்கள். அதன் மேல் நீல நிழலை வைத்தால் அது சட்டென்று பனியாகிவிடும். தூரிகைத் தடங்களுக்கு நடுவே அந்தச் செம்மண் நிறம் எட்டிப்பார்ப்பது நல்லது. மூடாதீர்கள். கனடிய ஓவியர் டாம் தாம்சன் அல்கோன்குவின் காட்டில் வரைந்த சிறு பலகைகளை டொராண்டோவின் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஏறக்குறைய 21க்கு 27 சென்டிமீட்டர்தான் ஒவ்வொன்றும். பல பலகைகளில் தடங்களின் இடைவெளியில் வெறும் மரமே தெரியும். அந்த இடைவெளிகள்தான் படத்தைத் துடிக்கவைக்கின்றன.

இனி டோன், அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு கருமை என்பது. கறுப்பை 1, வெள்ளையை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் பனி 9. நிழலில் கிடக்கும் பனி 6 அல்லது 7. தெளிந்த நாளில் மரங்களுக்குப் பின்னால் தெரியும் வானம் 7. சுள்ளிக் கூட்டம் 6. பக்கத்து அடிமரம் 3. ஹெம்லாக் 2. இந்த வரிசை மனதில் நின்றால் படம் பாதி முடிந்த மாதிரி. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது நிழல் பனியில்தான். அது பனி என்று மூளைக்குத் தெரியும், அதனால் 8 என்று கலப்பார்கள். அப்புறம் வெயிலுக்கு இடமே இருக்காது. காட்டுக்குள் தரையின் பெரும்பகுதி நிழல்தான். வெயில் அங்கங்கே கிழிந்து விழும் சிறு துண்டுகள் மட்டும். அதனால் முதலில் தரை முழுவதையும் நிழல் நிறத்தில் போட்டுவிடுவேன். வெயில் கடைசியில் வரட்டும்.

சாதாரண நிலக்காட்சியில் வானம்தான் மிக வெளிச்சம், அடுத்தது தட்டைத் தரை, அடுத்தது சரிவு, செங்குத்தாக நிற்கும் மரம் எல்லாவற்றிலும் கருமை. குளிர்காலக் காடுகளையே வாழ்நாள் முழுக்க வரைந்த ஜான் கார்ல்சன் என்ற அமெரிக்க ஓவியர் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு இது. பனி விழுந்ததும் முதல் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். புதுப்பனி தன் மேல் படும் வெளிச்சத்தில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் நீல வானத்தைவிட வெயில் பட்ட தரை வெளிச்சமாக இருக்கும். வானத்தைத் துணிந்து ஒரு படி இறக்குங்கள். மேகம் மூடிய நாளில் இது மறுபடி தலைகீழாகும். அன்று வானம் தரையைவிட வெளிச்சம்.

நிழல் நீலமாக இருப்பதற்குக் காரணம் எளிது. சூரியனை மரம் மறைத்துவிட்டது. மிச்சம் அந்த இடத்துக்கு வெளிச்சம் தருவது வானம் மட்டும். வானம் நீலம், பனி எந்த நிறத்தையும் தயங்காமல் வாங்கிக்கொள்ளும். என் அடிப்படைக் கலவை வெள்ளை, அல்ட்ராமரின், ஒரு துளி அலிசரின், அதை அடக்கக் கடுகளவு பர்ன்ட் சியன்னா. காலருகே வரும் நிழலுக்கு அல்ட்ராமரின் கூடுதல். தூரத்தில் செருலியனுக்கு மாறுவேன். ஒரே நீலத்தில் எல்லா நிழலையும் போட்டால் தரை படுத்துவிடும்.

நிழலின் விளிம்பும் ஒரே மாதிரி இருக்காது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் நிழலை விழவைக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு விளிம்பு மங்கும். தோராயமாக ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். அடிமரத்தின் நிழல் மரத்தை ஒட்டிய இடத்தில் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாகத் தொடங்கும். இருபது மீட்டர் தள்ளி விழும் உச்சிக்கிளையின் நிழலோ வெறும் நீலக் கறையாகக் கரைந்திருக்கும். சுள்ளிகளின் நிழல் அவ்வளவு தூரத்தில் தரைக்கே வந்து சேராது. ஆகவே அருகில் தட்டைத் தூரிகையின் விளிம்பு, தூரத்தில் விரல் நுனி. விரலால் தேய்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அப்புறம், நிழல் தரையின் மேல் ஊர்ந்து போகும்போது மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி வளையும். பனி மூடிய தரைக்கு வேறு எந்த அடையாளமும் இல்லாதபோது அந்த வளைவு மட்டும்தான் நிலத்தின் உருவத்தைச் சொல்கிறது. நேர்க்கோடாகப் போட்டால் அந்தத் தகவல் போய்விடும்.

நிழலை வைத்துப் படத்தைக் கட்டுவதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பிஸ்ஸாரோ 1873இல் வரைந்த உறைபனி வயல். 1874இல் பாரிஸில் மோனே, பிஸ்ஸாரோ போன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நடத்திய முதல் கண்காட்சியில் அது இருந்தது. வயலில் குறுக்காக நீண்ட நிழல்கள் விழுந்திருக்கும். நிழலுக்குச் சொந்தமான மரங்கள் படத்துக்குள் கிடையாது. அன்றைய விமர்சகர் ஒருவர் அதைப் பெரிய தவறு என்று கண்டித்தார். எனக்கோ அதுதான் படத்தின் உயிர். காட்டில் வரையும்போது இது மிகவும் பயன்படுகிறது. நமக்குப் பின்னாலும் பக்கத்திலும் நிற்கும் மரங்களின் நிழல் முன்பக்கத்துப் பனியில் விழுந்துகொண்டே இருக்கும். அவற்றைக் கொண்டுவந்தால் வெறுமையாகக் கிடக்கும் முன்தரை நிறைந்துவிடும், பார்ப்பவரும் காட்டுக்கு வெளியே நிற்காமல் உள்ளே நிற்பார்.

சரி, சுள்ளிக்கு வருவோம்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்து மரக்கூட்டத்தின் மேல்பகுதியைப் பாருங்கள். தனிக்கிளைகள் மறைந்து ஒரு புகைபோன்ற நிறம் மிஞ்சும். சாம்பல் என்று முதலில் தோன்றும். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் கத்தரிப்பூ நிறமும், வெயில் படும் பக்கத்தில் ரோஜாவும் பழுப்பும் கலந்த ஒரு நிறமும் பிரிந்து தெரியும். மேப்பிளின் இளங்கிளைகள் செம்பழுப்பு. அதன் ஊடாக வானத்தின் நீலம் வருகிறது. இரண்டும் கண்ணில் கலந்து கத்தரிப்பூ ஆகிறது. அதாவது இம்ப்ரெஷனிஸ்டுகள் பேலட்டில் செய்யாமல் கண்ணில் நடக்கட்டும் என்று விட்ட அதே கலவையைக் காடு தானாகவே செய்து காட்டுகிறது.

பாதையில் தினமும் நடக்க வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்தார்.

"தம்பி, மரமெல்லாம் கறுப்பாக் கிடக்கு. நீர் என்னெண்டு ஊதா பூசுறீர்?"

"ஐயா, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கிட்டு அந்த மேட்டுப் பக்கம் பாருங்களேன்."

அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஓம், கத்தரிப்பூ மாதிரித்தான் தெரியுது. இவ்வளவு நாளும் நடக்கிறன், காணேல்லை." பிறகு பீச் இலைகளைக் காட்டி, "உந்த இலையள் சித்திரை மட்டும் விழாது. புதுத் துளிர் வந்தாப் பிறகுதான் கொட்டும்" என்றார். அவர் சொன்னது சரி. தினமும் நடப்பவரின் கண். அதற்குப் பிறகு மார்ச் மாதப் படங்களிலும் அந்தச் செம்பு நிறத்தைத் தைரியமாக வைக்கிறேன். மார்ச்சில் அது வெளுத்து, கிட்டத்தட்டத் தோல் உரித்த பாதாம் நிறத்துக்கு வந்திருக்கும்.

அந்தக் கத்தரிப்பூப் புகையைக் கேன்வாஸில் கொண்டுவரும் முறை இது. வானத்தை மெல்லியதாக, ஈரமாகப் போடுங்கள். மரக்கூட்டம் வரவேண்டிய இடத்துக்குள்ளும் தாராளமாக நீட்டிப் போடுங்கள். அது காயும் முன்னரே வெள்ளை, அல்ட்ராமரின், அலிசரின், பர்ன்ட் சியன்னா கலந்த ஒரு நடுத்தர டோன். வானத்தைவிட ஒரு படி மட்டும் கருமை, இரண்டு படி வேண்டாம். இதை அகலமான பன்றிமயிர்த் தூரிகையில் மிகக் குறைவாக எடுத்து, துணியில் ஒற்றி, ஈர வானத்தின் மேல் கீழிருந்து மேலாக இழுங்கள். மயிர்கள் பிரிந்து தானே கோடு கோடாகப் போகும். மேல் விளிம்பில் அழுத்தத்தை விட்டுவிட்டால் நிறம் வானத்துக்குள் கரைந்து முடியும். மரத்தின் உச்சிக்கு விளிம்பு கிடையாது. எங்கே மரம் முடிந்தது எங்கே வானம் தொடங்கியது என்று சொல்ல முடியக் கூடாது. வெயில் படும் பக்கத்தில் இதே கலவையில் ஓக்கரும் சியன்னாவும் கூட்டி இரண்டு மூன்று இழுப்பு. அவ்வளவுதான். இதைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் சேறாகிவிடும். தூரிகை படத்தில் பட்டதும் எடுத்துத் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

அதன் மேல் வானத் துளைகள். கூட்டத்துக்கு நடுவே ஊடுருவித் தெரியும் வானத்தை வான நிறத்திலேயே வைக்காமல் அரைப்படி கருமையாக வையுங்கள். சிறு இடைவெளியில் வரும் வெளிச்சத்தைச் சுற்றியுள்ள கிளைகள் தின்றுவிடும். துளைகள் ஒரே அளவில் இருந்தால் சல்லடைபோல ஆகும். ஒன்று பெரிது, இரண்டு சிறிது, ஒன்று பாதி மறைந்தது என்று இருக்கட்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் தனிக்கிளை. மொத்தமே ஏழெட்டுப் போதும். நீளமயிர் மெல்லிய தூரிகையில் வண்ணத்தை மினரல் ஸ்பிரிட் விட்டு மைபோல இளக்கி, அடிமரத்திலிருந்து தொடங்கி நுனி நோக்கி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். நேராகப் போகாதீர்கள், கிளை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் நிறுத்தித் திசை மாற்றுங்கள். பார்ப்பவரின் கண் இந்த ஏழெட்டைப் பார்த்துவிட்டு மற்ற ஆயிரத்தையும் அந்தப் புகைக்குள் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். வெளிர் கிளைகள் வேண்டுமானால் ஈர வண்ணத்தில் தூரிகைக் காம்பின் முனையால் கீறினால் அடிப்பூச்சின் செம்மண் நிறம் வெளிவரும். பீச்சின் சிறு கிளைகளுக்கு இது அத்தனை பொருத்தம்.

அடிமரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பனி மூடிய தரை வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே தெறிக்கவிடுகிறது. கோடையில் கிளைகளின் அடிப்பக்கம் இருண்டிருக்கும். இங்கே அடிப்பக்கமும் லேசாக ஒளிரும். மரத்தின் கீழ்ப்பாதியை மேல்பாதியைவிட அரைப்படி வெளிச்சமாக, கத்தரிப்பூ கலந்து போட்டுப் பாருங்கள். மரம் உடனே பனிக்குள் ஊன்றி நிற்கும். இரண்டாவது, பட்டை வெயிலை உறிஞ்சிச் சூடாகி மரத்தைச் சுற்றியுள்ள பனியை உருக்குவதால் ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் ஒரு சிறு குழி இருக்கும். மரமும் பனியும் சேரும் இடத்தை ஒரே கோட்டில் வெட்டினால் கம்பத்தை நட்டுவைத்ததாகத் தெரியும். குழியின் நிழல்பக்கத்தில் கொஞ்சம் ஆழ்ந்த நீலம், எதிர்விளிம்பில் ஒரு சிறு வெயில் தடம். இரண்டு தூரிகை வீச்சு வேலை.

வெயில் பட்ட பனி கடைசி. இதைத் தடிப்பாகவே வையுங்கள், முடிந்தால் பேலட் கத்தியால். வெள்ளையில் மூன்று மணிக்கு முன் காட்மியம் மஞ்சள் ஊசிமுனை அளவு. அதற்கு மேல் அதனுடன் துளி அலிசரின். ட்யூபிலிருந்து அப்படியே எடுத்த வெள்ளையை எங்கும் வைப்பதில்லை நான். அது வெயிலாகத் தெரியாமல் சுண்ணாம்பாகத் தெரியும். மோனே 1868, 69 குளிர்காலத்தில் எத்ரத்தா அருகே வரைந்த மாக்பை பறவைப் படம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் அகலம். பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனில் 1869இல் அதை ஏற்க மறுத்தார்கள். அந்தப் படத்தின் பனியில் தூய வெள்ளையைத் தேடினால் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், கத்தரிப்பூ எல்லாம் கிடைக்கும்; தேடியது கிடைப்பது கடினம். வேலியின் நிழல் எவ்வளவு நீலம் என்று பாருங்கள், அந்த நிழல் எவ்வளவு இறங்கிய டோனில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

கனடாவில் இந்தப் பார்வையைக் கொண்டுவந்தவர்களில் மாரிஸ் கல்லன் முக்கியமானவர். பாரிஸில் படித்துத் திரும்பி, 1896இல் கியூபெக்கின் போப்ரே பகுதியில் குளிர்காலத்தில் மரம் இழுக்கும் காட்சியை வரைந்தார். ஹாமில்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. டொராண்டோவில் இருப்பவர்கள் ஒரு பகல் ஒதுக்கிப் போய் வரலாம். பிரான்சின் ஈரமான பனிக்கும் இங்குள்ள வறண்ட, கூசும் பனிக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும். இங்கே காற்றில் ஈரம் குறைவு என்பதால் தூரம் அவ்வளவாக மங்காது. நிழல்கள் இன்னும் அழுத்தமான நீலம். பிரெஞ்சுப் படங்களைப் பார்த்துக் கற்றதை அப்படியே இங்கே வைத்தால் படத்தில் குளிர் இருக்காது. 1913 ஜனவரியில் கனடிய ஓவியர்கள் லாரன் ஹாரிஸும் ஜே.இ.எச். மெக்டொனால்டும் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் போய் ஸ்காண்டிநேவிய ஓவியர்களின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு உற்சாகமாகத் திரும்பியதற்கும் இதுவே காரணம். அந்த வடநாட்டுப் பனி அவர்கள் ஊர்ப் பனியோடு ஒத்துப்போனது.

வெளியே சிறு பலகையில் வரைந்ததை வீட்டில் பெரிய கேன்வாஸுக்கு மாற்றும்போது புகைப்படத்தை நான் குறைவாகவே பார்க்கிறேன். கேமரா பனியைச் சாம்பலாக்கும், இல்லையேல் நிழலைக் கறுப்பாக்கும். நிறத்துக்குப் பலகை, கிளைகள் போகும் வழிக்கு மட்டும் புகைப்படம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. பல நாள் வேலை என்றால் முதல் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூடுதல் என்ற பழைய விதியைக் காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால் மேலடுக்கு பின்னால் வெடிக்கும். சுள்ளிக்கு மட்டும் அந்தப் பகுதியின் வானத்தை அன்றைக்கே புதிதாக ஒரு மெல்லிய பூச்சு போட்டு ஈரமாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். காய்ந்த வானத்தின் மேல் அந்தக் கரைதல் வரவே வராது.

குளிர்காலத்தில் ஜன்னல்கள் மூடியே இருக்கும் என்பதால் வீட்டுக்குள் டர்பன்டைன் வேண்டாம். தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவினாலே போதும். லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் குவிக்காதீர்கள். அந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும், குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே கொண்டுபோய்விடுவேன். கத்தியால் தடிப்பாக வைத்த பனி தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காயவே சில வாரங்கள் ஆகும், உள்ளே முழுக்க இறுக இன்னும் பல மாதங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து அவசரப்படுத்தாமல் வெளிச்சமான அறையில் சுவரில் சாய்த்து வையுங்கள். இருட்டு அலமாரியில் வைத்தால் எண்ணெய் மஞ்சளடிக்கும், பனிப்படத்தில் அது உடனே தெரியும். பிப்ரவரியில் முடித்த படத்துக்கு நான் ஆகஸ்டில்தான் வார்னிஷ் போடுகிறேன்.